முள் இறங்கவில்லை என்றேன்

ஐஸ் பிளாண்டில் வேலை பார்க்கிறவனுக்கு ஒரு வசதி உண்டு. கேஸ் கசிந்தால் அதுவே வந்து சொல்லிவிடும். அமோனியா துளி வெளியே வந்தாலும் மூக்கு எரியும், கண்ணில் தண்ணீர் கொட்டும், பக்கத்துத் தெருக்காரன் சண்டைக்கு வந்து நிற்பான். தூத்துக்குடியில் துறைமுகத்தை ஒட்டிய ஒரு ஐஸ் பிளாண்டில் பத்து வருஷம் அப்படித்தான் ஓட்டினேன். பிறகு சொந்த ஊரான ஏரலுக்குத் திரும்பி, தினமும் பஸ் ஏறி வந்து, திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு சின்னக் கடை போட்டு வீட்டு ஏசி வேலையில் இறங்கினேன். வீட்டு ஏசியில் ஓடுகிற கேஸுக்கு அந்த நல்ல குணம் கிடையாது. வாடை இல்லை, நிறம் இல்லை. ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிப் போய்விடும். அது போகிற வழியைக் கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். எனக்கு அது பிறவியிலேயே கிடையாது.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது திருநெல்வேலியில் ஏசி என்றால் நகைக்கடை, வங்கி, சில ஆஸ்பத்திரிகள். வீடுகளில் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதுவும் ஜன்னலில் உட்கார்ந்து லாரி மாதிரி உறுமுகிற பெட்டிதான். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டாகப் பிரித்த ஸ்ப்ளிட் ஏசி அப்போதுதான் இந்தப் பக்கம் தலை காட்டியிருந்தது.

புரட்டாசி மாதம் ஒருவர் கடைக்கு வந்தார். நெற்றி நிறையத் திருநீறு, சட்டைப் பையில் இரண்டு பேனா. பாளையங்கோட்டையில் ஒரு அரசு அலுவலகத்தில் சூப்பரின்டெண்டாக இருப்பதாகச் சொன்னார்.

"அண்ணாச்சி, சத்தமில்லாத ஏசி வந்திருக்காமே. அதை மாட்டத் தெரியுமா உங்களுக்கு?"

தெரியுமா என்ற அந்த ஒரு சொல்லுக்கே எனக்குச் சுர்ரென்று ஏறியது. "தெரியாமலா கடை போட்டு உக்காந்திருக்கேன்?" என்றேன். உண்மையில் அதுவரை மூன்று ஸ்ப்ளிட்தான் மாட்டியிருந்தேன். அதில் ஒன்றுக்கு மதுரையிலிருந்து வந்த ஆள் கூட நின்றார்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எங்க வீட்டுல பிள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுக்காங்க. உறுமுற ஏசி வச்சா அவங்க பேசுறது பிள்ளைங்களுக்குக் கேக்காது. அதான்" என்றார். எங்க வீட்டுல என்றது அவர் மனைவியை.

வீடு டவுனில், ரதவீதிக்குப் பின்னால் ஒரு தெருவில். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவரே நம் சுவர் என்கிற மாதிரியான நீள வீடு. ஏசி போடவேண்டிய அறை கடைசியில், புறவாசலைப் பார்த்து இருந்தது. ஒரே ஒரு ஜன்னல். அது மேற்குப் பார்த்தது. மூன்று மணிக்கு நான் போய் நின்றபோது சுவரே கொதித்தது.

டீச்சர் ஒரு கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும், நாற்பதுக்கு உள்ளே. பெண்கள் பள்ளியில் பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுக்கிறவர். நரம்பில் ஒரு நோய், இரண்டு வருஷமாக. மதுரை டாக்டர் பெயர் சொல்லியிருக்கிறார், எனக்கு வாயில் நுழையவில்லை. உடம்பு சூடானால் நரம்பு சொல்வது கைக்குப் போய்ச் சேராது, குளிர்ந்தால் சேரும். அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது. பள்ளிக்கூடத்தில் லீவு கொடுத்திருந்தார்கள். ஆனாலும் அவர் வகுப்புப் பிள்ளைகள் தினமும் நாலரைக்கு, பள்ளி விட்டதும், இந்த அறைக்கு வந்துவிடுவார்கள். சுவரில் ஒரு கரும்பலகை மாட்டியிருந்தது.

அவர் வலது கையை மடியிலிருந்து இடது கையால் தூக்கிக் காட்டினார்.

"காலையில ஒம்பது மணி வரைக்கும் இது என் கை அண்ணாச்சி. அதுக்கப்புறம் யாரோடதோ. பிள்ளைங்க வாறது நாலரைக்கு. பிளஸ் டூ பரீச்சை மார்ச்சுல. அதுவரைக்கும் எனக்கு இந்தக் கை வேணும். அவ்வளவுதான்."

அழுது சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது. கடையில் சாமான் வாங்கச் சொல்கிற மாதிரி சொன்னார்.

*

சாமான் வந்து சேர்ந்தது ஆயுத பூஜைக்கு முந்தின நாள். காலையிலேயே போய்விட்டேன். சூப்பரின்டெண்ட் நாள்காட்டியைப் பார்த்துவிட்டு, "ராகு காலம் முடியட்டும் அண்ணாச்சி, பெறவு சுவத்துல கை வைங்க" என்றார். உளியைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் ராகு காலத்தில் நம்பிக்கை உண்டு. ஆனால் அது என் வேலையில் குறுக்கே வந்தால் எரிச்சல் வரும். இரண்டும் ஒரே ஆளுக்குள் இருப்பதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

பழைய காலத்துச் சுண்ணாம்புச் சுவர். ஒரு முழத்துக்கு மேல் கனம். உளி வைத்தால் ஒரு இடத்தில் பொலபொலவென்று கொட்டியது, அடுத்த இடத்தில் பாறையாக நின்றது. குழாய் போக ஒரு ஓட்டை போடுவதற்குள் மதியமாகிவிட்டது. உள் யூனிட்டை மாட்டும் தகட்டை ரசமட்டம் வைத்துப் பார்த்து, தண்ணீர் வடியும் பக்கம் ஒரு நூல் இறக்கமாக வைத்து அடித்தேன். யூனிட்டை நானும் அவருமாகத் தூக்கி மாட்டினோம். ஆபீஸ் கை என்றாலும் நன்றாகப் பிடித்தார். ஒரு செம்பு தண்ணீரை உள் தட்டில் ஊற்றினேன். அது குழாய் வழியாக ஓடிப் புறவாசலில் வாழை மூட்டில் விழுந்தது. ஒரு சொட்டுகூட சுவரில் இறங்கவில்லை. அதில் எனக்கு ஒரு திருப்தி.

அடுத்தது செம்புக் குழாய். குழாயின் வாயைப் புனல் மாதிரி விரித்து, நட்டுக்குள் வைத்து இறுக்கவேண்டும். விரிப்பதும் இறுக்குவதும்தான் இந்த வேலையில் உயிர்நாடி. குறைவாக இறுக்கினால் கசியும். அதிகமாக இறுக்கினால் செம்பு நசுங்கி மெலிந்து, பிறகு கசியும். உள் யூனிட்டுக்குப் பின்னால் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே கை மட்டும் நுழைகிற இடத்தில் கடைசி நட்டு. அதை இறுக்கிக்கொண்டிருந்தபோது சூப்பரின்டெண்ட் நாலாவது தடவையாக, "இன்னைக்கு முடிஞ்சிருமா அண்ணாச்சி? நாளைக்கு ஆயுத பூசையாச்சே" என்றார். நான் வாயால் பதில் சொல்லவில்லை. ஸ்பேனரால் சொன்னேன். அந்த நட்டு ஒரு கால் சுற்று கூடுதலாகத் திரும்பியது. கைக்குத் தெரிந்தது. விட்டுவிட்டேன்.

வெளி யூனிட் புறவாசலில் ஒரு இரும்பு ஸ்டாண்டில் இருந்தது. கசிவு இருக்கிறதா என்று பார்க்க, நைட்ரஜன் சிலிண்டரை அதன் பக்கத்தில் நிறுத்தி, குழாய்களுக்குள் காற்றை ஏற்றினேன். மழை வரும்போல இருந்ததால் அழுத்தம் காட்டுகிற பிரஷர் கேஜை மட்டும் ஜன்னல் வழியாக உள்ளே இழுத்துக் கம்பியில் தொங்கவிட்டேன். முள் ஏறி நின்றது. துணி சோப்பைக் கரைத்து ஒவ்வொரு நட்டாகத் தடவினேன். கசிந்தால் குமிழ் விடும். வெளியே உள்ளவை எல்லாம் சுத்தம். பின்னால் இருந்த அந்த நட்டில் தடவத்தான் முடிந்தது, பார்க்க முடியவில்லை. பையில் ஒரு கைக்கண்ணாடி இருந்தது, இதற்காகவே வைத்திருப்பது. எடுக்கவில்லை. முள் சொல்லிவிடாதா என்ன என்று நினைத்தேன்.

என் பழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். கேஜில் எண்ணைப் படிக்கமாட்டேன். முள்ளின் நுனிக்கு நேரே கண்ணாடி மேல் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு இழுப்பேன். மறுநாள் வந்து பார்ப்பேன். முள் கோட்டில் நின்றால் சரி, கீழே இறங்கியிருந்தால் கசிவு. ஐஸ் பிளாண்டில் கற்றது. எண் எதற்கு, கோடு போதும்.

கட்டிலிலிருந்து டீச்சர் கேட்டார். "அது எவ்வளவு காட்டுது அண்ணாச்சி?"

"எவ்வளவு காட்டினா என்ன டீச்சர்? கோட்டுல நிக்கணும். அவ்வளவுதான்."

*

மறுநாள் ஆயுத பூஜை. என் கடையில் ஸ்பேனர், உளி, குழாய் விரிக்கிற கருவி, வேக்குவம் பம்ப் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரியும் கடலையும் படைத்தேன். அன்றைக்கு ஆயுதத்தைத் தொடக்கூடாது. டவுன் வீட்டிலும் பூஜை. அங்கே சரஸ்வதிக்கு முன்னால் புத்தகங்களை அடுக்கியிருப்பார்கள். அன்றைக்குப் படிக்கக்கூடாது, எழுதக்கூடாது. இது எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் அந்த வீட்டில் இன்னொன்றும் நடந்திருந்தது.

விஜயதசமி காலை எட்டு மணிக்குப் போனேன். முந்தின இரவு நல்ல மழை. புறவாசலில் என் நைட்ரஜன் சிலிண்டர் அரளி மாலை போட்டுக்கொண்டு நின்றது. வெளி யூனிட்டுக்கு மூன்று பட்டை திருநீறு. சிரித்துக்கொண்டே அறைக்குள் போனவன், கேஜைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். பளபளவென்று துடைத்து, கண்ணாடி நடுவில் ரூபாய் அகலத்துக்குச் சந்தனம், அதில் குங்குமம்.

சூப்பரின்டெண்டுக்கு முகம் கொள்ளாத சந்தோஷம். "உங்க சாமானையும் விடல பாத்தீங்களா? ஏதோ மையெல்லாம் அப்பிக் கிடந்துது. ஈரத்துணியால அழுத்தித் தொடச்சு, பொட்டு வச்சு, தீபாராதனையும் காட்டியாச்சு."

கோடு போயே போய்விட்டது.

வேறு எந்த நாளாக இருந்தாலும் அந்த வீடு இரண்டாகும்படி கத்தியிருப்பேன். விஜயதசமியும் அதுவுமாக, சாமிக்கு வைத்த பொட்டைப் பார்த்து எப்படிக் கத்துவது? நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினேன். முள் இருநூற்று நாற்பது பவுண்டு அழுத்தத்துக்குச் சற்றுக் கீழே நின்றது. நான் எவ்வளவில் விட்டுப் போனேன்? எனக்குத் தெரியாது. நான் எண்ணைப் பார்க்கிறவன் இல்லையே.

"விட்டுட்டுப் போனப்ப இருநூத்தம்பது இருந்துச்சு அண்ணாச்சி" என்றார் டீச்சர். "பையப் பைய இறங்குது. கசியுதோ?"

"எழுதி வச்சிருக்கீங்களா?"

"நோட்டு பேனா எல்லாம் நேத்து சாமிகிட்ட இருந்துச்சு. மனசுலதான் வச்சிருக்கேன்."

நான் சொன்ன பதில் இன்றைக்கும் எனக்கு ஒரு எழுத்து பிசகாமல் நினைவிருக்கிறது. "ராத்திரி மழைக்குக் குளுந்தா முள்ளு எறங்கத்தான் செய்யும். அதுவும் நீங்க கட்டில்ல படுத்துக்கிட்டு சாய்வாப் பாத்தா முன்னப் பின்னத்தான் தெரியும் டீச்சர். அது எறங்கல."

அவர் என்னைப் பார்த்தார். நாள்காட்டியோடு நின்றிருந்த கணவர், "விஜயதசமி அண்ணாச்சி. பத்தரைக்குள்ள ஓட விட்டுருவோம்" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னேன்? ராதாபுரத்தில் ஒரு டாக்டர் வீட்டு வேலை காத்திருந்தது. கோடு போய்விட்டது என்று சொன்னால் பூஜை செய்தவர் முகம் செத்துப்போகும். இதெல்லாம் உண்மைதான். ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய உண்மை, எனக்குத் தெரியாது என்று ஒரு கணக்கு டீச்சருக்கு முன்னால் சொல்ல மனசு வரவில்லை. தெரியுமா என்று கேட்டதற்கே கோபப்பட்டவன் நான்.

நைட்ரஜனைத் திறந்துவிட்டு, பம்ப் போட்டு உள்ளே உள்ளதை உறிஞ்சி எடுத்து, கேஸை ஏற்றினேன். பத்தேகாலுக்கு ஏசி ஓடியது. சத்தமே இல்லை. மத்தியானம் வெயில் ஏறியபிறகும் அறை ஆற்றங்கரை மாதிரி இருந்தது. மூன்று மணிக்கு டீச்சர் கட்டிலை விட்டு எழுந்து, கரும்பலகைக்குப் போய் ஒரு சாக்பீஸ் எடுத்து, கை எடுக்காமல் ஒரு வட்டம் போட்டார். தொடங்கிய புள்ளியில் வந்து அச்சாக முடிந்தது. சூப்பரின்டெண்ட் துண்டால் முகத்தைத் துடைப்பதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

*

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏசிக்கு அதிகம் வேலை இல்லை. தையிலும் பெரிய குறை தெரியவில்லை. மாசி பாதியில் சூப்பரின்டெண்ட் கடைக்கு வந்திருக்கிறார். நான் அப்போது ராதாபுரத்தில், வேறொரு வேலையாக. கடை பூட்டிக் கிடந்தது. மறுநாளும் வந்திருக்கிறார். அதற்கு மறுநாளும். நாலாவது நாள் காலையில் நான் பூட்டைத் திறந்துகொண்டிருந்தபோது சைக்கிளை விட்டு இறங்கினார்.

"காத்துதான் வருது அண்ணாச்சி. குளுமை இல்ல. பரீச்சைக்கு இன்னும் பதினோரு நாள்தான்."

கோபம் இல்லை, குரல் உயரவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திறந்த பூட்டை மறுபடி பூட்டிவிட்டு அவர் சைக்கிளுக்குப் பின்னாலேயே என் சைக்கிளை மிதித்தேன்.

கடைசித் திருப்புதல் என்று பிள்ளைகளுக்குப் பள்ளியில் லீவு விட்டிருந்தார்கள். ஆகவே காலையிலிருந்தே இங்கேதான் இருந்தார்கள். தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் கழுத்தைச் சுற்றி ஈரத்துண்டு போட்டுக்கொண்டு, கண்ணை மூடியபடி ஒரு கணக்கை வாயால் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பிள்ளை கரும்பலகையில் எழுதியது. நடுவில் தவறு செய்தது. டீச்சரால் பலகையைப் படிக்க முடியவில்லை. வெயிலுக்குக் கண்ணும் மங்கிவிடும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். தவறு அப்படியே நின்றது. வலது கை மடியில் கிடந்தது, யாரோ வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி.

பிள்ளைகளை முன் கூடத்துக்கு அனுப்பினார்கள். இந்தத் தடவை கைக்கண்ணாடியை எடுத்தேன். உள் யூனிட்டுக்குப் பின்னால் அந்த நட்டைச் சுற்றி எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருந்தது. கேஸோடு எண்ணெயும் ஓடும், கசிகிற இடத்தில் கறை வைத்துவிட்டுப் போகும். வாடை இல்லாத கேஸ் விட்டுப்போகிற ஒரே தடயம் அதுதான். நட்டைக் கழற்றினேன். விரித்த செம்பு வாயில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. கால் சுற்று அதிகம்.

பார்த்த உடனே தப்பை ஒத்துக்கொண்டிருந்தால் நான் நல்லவன். நான் சூப்பரின்டெண்ட் பக்கம் திரும்பினேன். "அன்னைக்கு அந்த கேஜை யாரு சார் தொடைக்கச் சொன்னா? நான் போட்ட கோட்டை அழிச்சிட்டீங்களே! அது மட்டும் இருந்திருந்தா அன்னைக்கே பிடிச்சிருப்பேன்லா!"

அவருக்கு அப்போதுதான் விஷயமே தெரிந்தது. முகம் சுண்டிப்போனது. "மைன்னுல்லா நெனச்சேன்" என்றார் மெல்ல. பூஜை செய்த கையையே பார்த்துக்கொண்டார்.

"அவுகளைச் சொல்லாதீங்க அண்ணாச்சி" என்றார் டீச்சர் கட்டிலிலிருந்து. "கோடுதான் போச்சு. முள்ளு அங்கனதான இருந்துச்சு?"

நான் பையைத் திறந்து குழாய் வெட்டுகிற கருவியை எடுத்தேன்.

குழாயை வெட்டி, வாயைப் புதிதாக விரித்து, நட்டைக் கையால் திருகி, பிறகு ஸ்பேனரால் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் இறுக்கினேன். நைட்ரஜன் ஏற்றினேன். சோப்பு போட்டுக் கண்ணாடி பிடித்துப் பார்த்தேன். குமிழ் இல்லை. "இப்பவே கேஸ் போட்டுருதேன் டீச்சர். நாள் இல்ல" என்றேன்.

"முறைப்படி எவ்வளவு நேரம் நிக்கணும்?"

"ஒரு ராத்திரி, ஒரு பகல்."

"அப்ப நிக்கட்டும். பரீச்சைக்கு நடுவுல நின்னு போறதுக்கு இது எவ்வளவோ தேவலை."

இன்னும் ஒரு நாள் சூட்டை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். நான் போய், தெரிந்த ஐஸ் பிளாண்டில் ஒரு பாளம் வாங்கி, உமி போட்டுச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, ஒரு அண்டாவில் வைத்து அதற்குப் பின்னால் டேபிள் ஃபேனை ஓடவிட்டேன். பெரிதாகக் குளிரவில்லை. ஆனாலும் அறையின் சூடு கொஞ்சம் அடங்கியது. என்னால் அன்றைக்குச் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

மார்க்கர் பேனா பையிலேயே இருந்தது. டீச்சர் தலைமாட்டிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை என்னிடம் நீட்டினார். "நான் சொல்லுதேன், நீங்க எழுதுங்க. என் கைதான் லீவுல இருக்கே." என் கையெழுத்து எனக்கே பிடிக்காது. வாங்கிக்கொண்டேன்.

பிறகு அவர் கட்டிலிலிருந்து காலை இறக்கினார்.

"நான் பாத்துச் சொல்லுதேன் டீச்சர். நீங்க படுங்க" என்றேன்.

"படுத்துக்கிட்டுப் பாத்தா முன்னப் பின்னத் தெரியும்லா அண்ணாச்சி" என்றார். வாயோரத்தில் சின்னச் சிரிப்பு.

கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் எட்டு அடி. சுவரில் உள்ளங்கையை ஊன்றி, ஒரு காலை இழுத்து, நின்று, மூச்சு வாங்கி, மறு காலை இழுத்து வந்தார். பிடிக்கப்போன என்னை வேண்டாம் என்று தலையாட்டி நிறுத்தினார். ஜன்னல் கம்பியைப் பிடித்து நிமிர்ந்து, முகத்தைக் கேஜுக்கு நேராக, ஒரு சாண் தூரத்தில் வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இருநூத்தம்பது. எழுதுங்க. பக்கத்துல அறைச் சூட்டையும் எழுதுங்க. அங்கன தெர்மாமீட்டர் தொங்குது பாருங்க."

"அன்னைக்கும் இப்படித்தான்" என்றார் கணவர், வாசலில் நின்றபடி. "பூசைக்கு மொத நாளும், பூசை அன்னைக்கும், விசயதசமி காலையிலயும். நீ படு, நான் பாத்துச் சொல்லுதேன்னேன். கேக்கவே இல்ல. சுவத்தப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சு எந்திரிச்சுப் போயிப் பாத்தா."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது எனக்கு. நோட்டில் எழுதுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

டீச்சர் திரும்பக் கட்டிலுக்கு வந்து சேர்ந்து மூச்சு வாங்கியபிறகு சொன்னார். "நீங்க சொன்னதும் சரிதான். அஞ்சு டிகிரி குளுந்தா முள்ளு இறங்கும். நாலு பவுண்டு, மிஞ்சினா அஞ்சு. பன்னெண்டு இறங்காது. அன்னைக்கே மனசுல போட்டுப் பாத்துட்டேன்."

"சொல்லியிருக்கலாம்லா டீச்சர்?"

"சொன்னேனே" என்றார்.

அன்று சாயங்காலம், மறுநாள் காலை, மதியம். ஒவ்வொரு தடவையும் அவர் எழுந்து வந்தார். நான் ஏரலுக்குப் போகவில்லை, கடையிலேயே படுத்துக்கொண்டேன். மூன்று தடவையும் சரியான நேரத்துக்கு வந்து நோட்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். காலையில் முள் நாலு பவுண்டு இறங்கியிருந்தது. டீச்சர் அறைச் சூட்டைப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு, வெயில் ஏறட்டும்" என்றார். மதியம் அறை பழைய சூட்டுக்கு வந்தபோது முள் தானாக ஏறி இருநூற்றைம்பதில் நின்றது. பதினைந்து வருஷம் கேஜோடு குடும்பம் நடத்தியவன், அந்த முள் சூட்டோடு இறங்கி ஏறுவதை எண் வைத்துப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

"இப்பப் போடுங்க" என்றார். போட்டேன். நாள்காட்டியை அன்று யாரும் பார்க்கவில்லை.

மூன்று மணி சுமாருக்கு அறை குளிர்ந்துவிட்டது. அவர் கைவிரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தார். கரும்பலகைப் பக்கம் போவார், வட்டம் போடுவார் என்று எதிர்பார்த்துக்கொண்டு நான் சாமான்களைப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். அவர் அந்த நோட்டைக் கேட்டார். என் கோணல் எழுத்துக்குக் கீழே, பேனாவை எடுத்து, நிதானமாக நாலு வரி எழுதினார். பிறகு அந்தத் தாளைக் கிழித்து என்னிடம் நீட்டினார்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மாலை, 250. பூஜை அன்று காலை, 246. மாலை, 243. விஜயதசமி காலை, 238.

ஐந்து மாதமாக மனசில் வைத்திருந்த எண்கள். கடைசி வரிக்கு நேரே "இறங்கியது" என்று எழுதி, அடிக்கோடு போட்டிருந்தார்.

"தப்பு என் மேலதான் டீச்சர்" என்றேன்.

"பத்து நாள் இருக்கு" என்றார். "பிள்ளைங்களை உள்ள வரச் சொல்லுங்க."

நான் போய்க் கூடத்தில் சொன்னேன்.